வென் தி லெவீ பிரேக்ஸ்: மாடிப்படி டிரம்ஸில் கிக் மட்டும் ஏன் காணாமல் போகிறது?

நாடாச்சுருள்

லெட் செப்பலின் ராக் குழுவின் நாலாவது ஆல்பத்தில் (1971) கடைசிப் பாட்டு இது, 1929 பாட்டு ஒன்றின் மறுபதிப்பு. மூன்று சந்தேகங்கள்.

பாடலாசிரியர் வரிசையில் மெம்ஃபிஸ் மின்னி என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது. ஆனால் 1929 மூல இசைத்தட்டைப் போட்டால் ஆண் குரல்தான் கேட்கிறது. யாருடைய பாட்டு இது?

அடுத்தது டிரம்ஸ். செப்பலின் பதிந்த அதே முறையில் நானும் பதிய முயற்சி: மாடிப்படி உள்ள கூடம், கூரை 5 மீட்டர். இரண்டு கண்டென்ஸர் மைக், தரையிலிருந்து 3.7 மீட்டர் உயரத்தில், ஒன்றுக்கொன்று 2 மீட்டர் தள்ளி. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 20 அங்குலம், உள்ளே தலையணை. கம்ப்ரஸரை (உரத்த ஒலியை நசுக்கும் கருவி) ஏற்றினால் ஹைஹாட் (ஜோடி சிம்பல்) காதைக் கிழிக்கிறது, கிக் இருந்த இடமே தெரியவில்லை. எங்கே தப்பு?

கடைசியாக, ரெக்கார்டோடு சேர்ந்து கிதார் வாசித்தால் ஓபன் ஜி ட்யூனிங்கில் (விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்ட் வரும் சுருதி) விரல் வைக்கும் இடமெல்லாம் சரியாக வருகிறது, சுருதி மட்டும் ஒட்டவே இல்லை. ஏன்?

கரையோரம்

முதல் கேள்விக்கு மட்டும் நான்.

1929 ஜூனில் நியூயார்க்கில், கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிந்தது. கான்சஸ் ஜோ மெக்காய், மெம்ஃபிஸ் மின்னி என்ற கணவன் மனைவி ஜோடி. பாடுவது ஜோ. மின்னி ஓபன் ஜி-யில் விரலால் மீட்டுகிறார், ஜோவின் கிதார் தாளம் பிடிக்கிறது. இரண்டே கிதார், டிரம்ஸ் கிடையாது, மூன்று நிமிடச் சொச்சம். செப்பலின் தட்டில் நாலு பேரோடு மின்னியின் பெயர் மட்டும் போனது. பாடிய ஜோவின் பெயர் விட்டுப்போயிற்று. எனக்கு இது இன்னும் உறுத்தல்தான்.

பாட்டின் பின்னணி 1927 மிசிசிப்பி வெள்ளம். லெவீ என்பது அணை இல்லை, ஆற்றை ஒட்டி எழுப்பிய மண்கரை. கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால் போதும், வெள்ளம் வடிய வேறு வழி வேண்டாம் என்பதுதான் அன்றைய பொறியாளர்களின் கொள்கை. வடிகால் இல்லாத ஆறு கரைக்குள்ளேயே உயர்ந்தது. 1927 ஏப்ரல் 21 அன்று கிரீன்வில்லுக்கு வடக்கே மவுண்ட்ஸ் லேண்டிங்கில் கரை உடைப்பெடுத்தது. அந்த வெள்ளம் மொத்தமாக மூழ்கடித்தது சுமார் 70,000 சதுர கிலோமீட்டர்.

பாட்டில் இரவெல்லாம் கரையில் வேலை செய்ததாக வருவது கற்பனை அல்ல. கறுப்பினத் தோட்டத் தொழிலாளர்களைத் துப்பாக்கி முனையில் மணல்மூட்டை அடுக்க வைத்தார்கள். உடைப்புக்குப் பிறகு கிரீன்வில்லில் ஆயிரக்கணக்கானோர் கரை மேலேயே முகாமில் அடைபட்டார்கள். படகில் ஏற்றி அனுப்பினால் திரும்பி வரமாட்டார்கள், பருத்திக் காட்டுக்கு ஆள் கிடைக்காது என்று தோட்ட முதலாளிகள் தடுத்தார்கள். ஊரை விட்டுக் கிளம்புவதைப் பற்றிப் பாட்டில் வரும் வரிகளை இதைத் தெரிந்துகொண்டு கேட்டுப் பாருங்கள்.

ரிப்பன்மைக்

டிரம்ஸ் விஷயம் நான் சொல்கிறேன்.

இடம்: ஹெட்லி கிரேஞ்ச், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர். 1795-இல் ஏழைகள் விடுதியாகக் கட்டிய கட்டடம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டுடியோ வண்டி வெளியே நின்றது. கூடத்தின் நடுவே மூன்று மாடி உயரத்துக்குத் திறந்த படிக்கட்டு. குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாமின் லட்விக் செட் கீழே, மேலே படிக்கட்டுத் தளத்திலிருந்து தொங்கியவை இரண்டே மைக், பெயர்டைனமிக் எம்160. கிக்குக்குத் தனி மைக் இல்லை. இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் அந்த இரண்டையும் ஹீலியோஸ் எஃப்760 கம்ப்ரஸர்களில் நன்றாக நசுக்கி, கிதாரிஸ்ட் ஜிம்மி பேஜின் பின்சன் எக்கோரெக் என்ற எக்கோ கருவி வழியாகவும் விட்டார்.

இப்போது உங்கள் கிக். முதல் சந்தேகம் மைக் உயரத்தின் மேல். கூரை 5 மீட்டர் என்றால் தரைக்கும் கூரைக்கும் இடையே ஒலி எதிரொலித்து உண்டாகும் இரண்டாவது நிலையலை 343 (ஒலியின் வேகம், மீட்டர்/விநாடி) ÷ 5, கிட்டத்தட்ட 69 ஹெர்ட்ஸ். அதற்கு அழுத்தம் சுழியாகும் உயரங்கள் கால் பங்கும் முக்கால் பங்கும்: 1.25 மீட்டர், 3.75 மீட்டர். நீங்கள் தொங்கவிட்டது 3.7. கிக்கின் வயிறு இருக்கும் இடம் 60, 70 ஹெர்ட்ஸ். சரியாக அந்தக் குழியில் கொண்டுபோய் மைக்கை வைத்திருக்கிறீர்கள்! அங்கே ஈக்யூவில் (ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) எவ்வளவு ஏற்றினாலும் பிரயோஜனம் இல்லை, உறுமல்தான் ஏறும். 2.5 மீட்டருக்கு இறக்குங்கள். அங்கே 69 உச்சத்தில் இருக்கும். சுழியாவது முதல் அலை, 34 ஹெர்ட்ஸ். கிக்குக்கு அது வேண்டியதில்லை. இறக்க முடியாவிட்டால் 4.5-க்கு ஏற்றலாம்.

இரண்டாவது, தலையணையைத் தூக்கிப் போடுங்கள். தலையணை வைத்த கிக்கில் மிஞ்சுவது ‘டக்’ மட்டும், பக்கத்தில் மைக் இருந்தால்தான் அது பயன்படும். மூன்று மீட்டர் தாண்டி மேலே வர வேண்டியது நீடித்து அதிரும் ‘தூம்’. பான்ஹாமின் கிக் 26 அங்குலம்; முன்பக்கத் தோலில் ஓட்டை இல்லாமல், அடைப்பு மிகக் குறைவாக, சுருதி ஏற்றிக் கட்டியது. 20 அங்குலத்தில் அதே உடல் வராது. ஆனாலும் இரண்டு தோலும் ஓட்டையில்லாமல் மாட்டி, சுருக்கம் போன பிறகு இன்னும் அரைத் திருகு ஏற்றினால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

ஹைஹாட் தொல்லைக்கு மைக்கும் ஒரு காரணம். எம்160 ரிப்பன் மைக், உச்ச ஸ்தாயியை மென்மையாகத்தான் எடுக்கும். கண்டென்ஸர் சிம்பலைப் பளபளவென்று காட்டும், கம்ப்ரஸர் அதை இன்னும் மேலே இழுக்கும். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரித்து வெட்டுங்கள். எல்லாவற்றையும்விட, வாசிப்பவர் ஹைஹாட்டைப் பாதி பலத்தில் அடிப்பதுதான் முக்கியம். இந்த முறையில் மிக்ஸிங் நடப்பது அவர் கையில்தான், பிறகு திருத்த வழியே இல்லை.

தாளக்கட்டு

மேலே சொன்னதோடு கம்ப்ரஸர் அளவுகளும். விகிதம் 8:1, அட்டாக் (நசுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 20 முதல் 30 மில்லி விநாடி, ரிலீஸ் (விடுவிக்க எடுக்கும் நேரம்) 250 சுமாருக்கு, குறைப்பு 10 முதல் 15 டெசிபல். அட்டாக் 1 மில்லி விநாடியில் இருந்தால் அடியின் முனை மழுங்கி, சிம்பலும் கூடமும்தான் மிஞ்சும். இரண்டு சேனலையும் ஸ்டீரியோ லிங்க் செய்யுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்நேர் (சலசலக்கும் சிறு டிரம்) அடிக்கும் ஒலி இடம் வலமாக ஆடும்.

ஸ்நேரின் நடுவிலிருந்து இரண்டு மைக்குக்கும் நூல் பிடித்துத் தூரத்தைச் சமமாக்குங்கள். 30 செ.மீ. வித்தியாசம் 0.9 மில்லி விநாடி. மோனோவில் சேர்க்கும்போது 570 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்து ஸ்நேர் தகர டப்பா ஆகிவிடும்.

எக்கோ: எக்கோரெக்கில் டேப் கிடையாது, சுழலும் காந்த உருளையும் அதைச் சுற்றி நிலையான ஹெட்களும்தான். அடிக்குப் பின்னால் ஒரு நிழல் அடி விழுகிறதே, அந்தத் தள்ளாட்டத்தில் பாதி இதனால் வருவது. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 72 அடி சுமார். ஓர் அடி 833 மில்லி விநாடி, அதில் கால் பங்கு 208. டிலேயை (எக்கோ விழும் தாமதம்) 208-இல் வைத்து, ஃபீட்பேக் (எக்கோ திரும்ப ஒலிப்பது) ஒரே முறை, அசலைவிட 10 டெசிபல் கீழே என்று தொடங்குங்கள். பிறகு காதால் கொஞ்சம் முன்பின் தள்ளுங்கள். கணக்காக வைத்தால் இயந்திரம்போல் இருக்கும்.

சுருதி ஒட்டாததற்குக் காரணம், டேப்பை மெதுவாக ஓட்டியிருக்கிறார்கள். ரெக்கார்டில் கேட்பது எஃப் பக்கம். கூட வாசிக்க எளிய வழி, ஓபன் ஜி-யை அப்படியே ஒரு முழு ஸ்வரம் இறக்குங்கள்: தடித்த தந்தியிலிருந்து சி, எஃப், சி, எஃப், ஏ, சி. ஒரு நம்பர் தடித்த தந்தி போடுங்கள், இல்லையென்றால் தொளதொளக்கும். பிறகு ட்யூனரை ஓரம் வைத்து, ரெக்கார்டோடு காதால் சேருங்கள்.

உங்கள் பதிவையும் அப்படி இறக்கிப் பார்க்க ஆசை இருந்தால்: ஜி-யிலிருந்து எஃப் என்பது வேகத்தில் 10.9 சதவீதக் குறைவு. 72-இல் முடிய வேண்டுமானால் 81-இல் வாசிக்க வேண்டும். கூடத்தின் எதிரொலியும் சேர்ந்து நீளும், 8 மீட்டர் கூடம் 9 மீட்டர் மாதிரி கேட்கும். மென்பொருளில் வேரிஸ்பீட் (வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும்) முறைதான் தேவை. டைம் ஸ்ட்ரெச் போட்டால் சுருதி மாறாது, அடியும் குழம்பிவிடும்.

நாடாச்சுருள்

மைக்கை 2.5-க்கு இறக்கி, தலையணையை எடுத்தாயிற்று. கிக் வந்துவிட்டது! நன்றி. இன்னொன்று: ஹார்மோனிகாவில் எக்கோ முன்னாலேயே வருகிறதே, சத்தம் பிறகு வருகிறது. அது எப்படி?

ரிப்பன்மைக்

தலைகீழ் எக்கோ. பேஜ் தன் முந்தைய குழுவான யார்ட்பேர்ட்ஸ் காலத்திலேயே செய்து பார்த்த வித்தை. சுருளைத் திருப்பி மாட்டிப் பின்னோக்கி ஓடவிட்டு, அந்த ஓட்டத்தில் வரும் எக்கோவைக் காலித் தடத்தில் பதிவது. பிறகு சுருளைப் பழையபடி மாட்டினால் எக்கோ சத்தத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

நிஜ டேப்பில் செய்வதாக இருந்தால் ஒரு கண்ணி: சுருளைத் திருப்பினால் தட எண்ணும் தலைகீழாகும். 16 தடத்தில் 3-ஆவது தடம் 14-இல் வரும். அதை மறந்து பதிவுப் பொத்தானை அழுத்தினால் பாடகரின் குரல் போய்விடும். கணினியில் அந்தப் பயம் இல்லை: கிளிப்பைத் திருப்பி, எக்கோவைத் தனித் தடத்தில் பதிந்து, அதை மட்டும் மறுபடி திருப்புங்கள். திருப்புவதற்கு முன் கிளிப்பின் தொடக்கத்தில் இரண்டு தாள அடி நேரத்துக்கு வெற்றிடம் விடவேண்டும், இல்லாவிட்டால் முதல் எக்கோ பாதியில் அறுந்து நிற்கும்.

மிக்ஸைப் பற்றி ஒரு கொசுறு. ஆல்பம் முழுவதையும் லாஸ் ஏஞ்சல்ஸின் சன்செட் சவுண்டில் மிக்ஸ் செய்துவிட்டு வந்தார்கள். லண்டனில் போட்டுக் கேட்டால் சரியில்லை, திரும்பச் செய்தார்கள். சன்செட் சவுண்ட் மிக்ஸில் தப்பித்து ஆல்பத்தில் ஏறியது இந்த ஒரு பாட்டுதான். லண்டனில் செய்த மாற்று மிக்ஸ் 2014 மறுவெளியீட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்து, கடைசி ஒரு நிமிடத்தை ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.