செண்பகனூர் சாமியார்கள் எப்போது வந்தவர்கள்?

பெருமாள்மலைக்காரன்: கொடைக்கானல் போகும் வழியில் இருக்கும் செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி எத்தனை வருடப் பழசு?

பூண்டுத்தோட்டம்: 1895. கத்தோலிக்கத் துறவியரின் இயேசு சபையில் குருவாகப் படிக்கும் மாணவர்களின் பயிற்சிக்காக எழுந்தது. 1540-இல் அங்கீகாரம் பெற்ற சபையைப் போப் 1773-இல் கலைத்தார். 1814-இல் மீண்டும் உயிர் வந்தது. அதன்பிறகே பிரெஞ்சுச் சாமியார்கள் மதுரைக்கு வந்தார்கள்.

சரி, வருடக் கணக்கு கிடக்கட்டும். என் தாத்தா அங்கே தோட்ட வேலை பார்த்தவர். கல்லூரியின் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனால் புட்டியில் ஊறும் பாம்பைக் காட்டி, "இது நம்ம மலைப் பாம்புடா" என்பார், என்னவோ சொந்தக்காரனைக் காட்டுவதுபோல. இந்த மலையின் கல்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச்சின்னங்களை, ஆராய்ந்த ஆங்லாது சாமியும் இந்தச் சபைதான்.

பெருமாள்மலைக்காரன்: கல்திட்டை எங்கே பார்க்கலாம்?

பூண்டுத்தோட்டம்: தாண்டிக்குடிப் பக்கம் போங்கள். மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்புப் பொட்டலம் மறக்காதீர்கள்.