ஒலிம்பிக்கில் இருப்பதாலேயே ஒன்று மூல டேக்வாண்டோவும் மற்றது கிளையும் ஆகிவிடுமா?

சுங்மூ எழுதியது:

வேறோர் இழையில் நண்பர் எண்கோணம், ஐ.டி.எஃப். எனப்படும் சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பைப் "பிரிந்துபோன சிறு கிளை" என்று குறிப்பிட்டு, ஒலிம்பிக்கில் ஆடப்படுவதே மூல வடிவம் என்று எழுதியிருந்தார். அந்த இழையின் பொருள் வேறாக இருந்ததால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

ஆண்டுகளை வரிசைப்படுத்தினாலே அந்தக் கூற்று நிற்காது. இந்தக் கொரியத் தற்காப்புக் கலைக்கு டேக்வாண்டோ என்ற பெயரை 1955இல் முன்வைத்து நிலைநிறுத்தியவர் தென்கொரியப் படைத் தளபதி சோய் ஹாங் ஹி. அவரே 1966 மார்ச் 22 அன்று ஒன்பது நாடுகளின் சங்கங்களைச் சேர்த்து சியோலில் ஐ.டி.எஃப். அமைப்பை நிறுவினார். ஒலிம்பிக் ஆட்டத்துக்குப் பொறுப்பான, இன்று உலக டேக்வாண்டோ என்று அழைக்கப்படும் அமைப்போ 1973 மே 28 அன்றுதான் தோன்றியது. இடையில் நடந்தது எல்லோரும் அறிந்ததே. தென்கொரிய அதிபர் பார்க் சுங் ஹீயின் ஆட்சியோடு ஒத்துப்போக முடியாத சோய் 1972இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, தலைமையகத்தையும் டொராண்டோவுக்குக் கொண்டுசென்றார். அதே ஆண்டு நவம்பரில் சியோலில் டேக்வாண்டோவின் தலைமைப் பயிற்சியகமும் தரச்சான்று நிலையமுமான குக்கிவோன் திறக்கப்பட்டது, அடுத்த ஆண்டே அரசின் ஆதரவோடு புதிய கூட்டமைப்பு உருவானது. ஏழு ஆண்டு மூத்த அமைப்பைப் பிரிந்துபோனது என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

எண்கோணம் எழுதியது:

அமைப்பின் வயதையும் கலையின் மரபையும் ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள், சுங்மூ. 1966க்கு முன்பே கொரியாவில் பல குவான்கள், அதாவது தனித்தனிப் பயிற்சிப் பள்ளிகள், இயங்கிவந்தன. அவற்றை இணைத்த தேசியச் சங்கம் 1961இலேயே 'டேசுடோ' என்ற பெயரில் செயல்பட்டது. சோய் 1965இல் அதன் தலைவரானபோதுதான் சங்கத்தின் பெயர் டேக்வாண்டோ என்று மாறியது. அவர் அந்தப் பதவியில் நீடிக்கவில்லை. அதன் பிறகே ஐ.டி.எஃப். வந்தது. தேசியச் சங்கம் அவருடன் போகவில்லை, குவான்களின் பெரும்பகுதியும் போகவில்லை. கொரியாவில் இருந்த ஆசிரியர்களின் திரளும் தரச்சான்று முறையும் குக்கிவோனிடம் இருக்கும்போது, வெளிநாட்டுக்குச் சென்ற தலைமையகத்தை மூலம் என்று எப்படிச் சொல்வது?

அங்கீகாரத்தையும் அற்பமாக எண்ணாதீர்கள். 1980இல் சர்வதேச ஒலிம்பிக் குழு எங்கள் கூட்டமைப்பை ஏற்றது. 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் காட்சி விளையாட்டாக நடந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் முழுப் பதக்க விளையாட்டானது. ஆப்கானிஸ்தானின் முதல் ஒலிம்பிக் பதக்கம் 2008இல் ரோஹுல்லா நிக்பாய் வென்ற டேக்வாண்டோ வெண்கலம். ஜோர்டானின் முதல் பதக்கம், அதுவும் தங்கம், 2016இல் அகமது அபுகவுஷ் வென்றது. அதே ரியோவில் ஐவரி கோஸ்டுக்கு முதல் தங்கத்தை ஷேக் சலா சிசே பெற்றுத்தந்தார். நீச்சல் குளமோ செயற்கை ஓடுதளமோ கட்ட வசதியில்லாத நாடுகளுக்கு ஒரு விளையாட்டு இவ்வளவு செய்திருக்கிறது என்றால், அதைக் கட்டியெழுப்பிய அமைப்பை அரசியல் படைப்பு என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமாகாது.

பழைய குவான் எழுதியது:

இருவரும் தந்தையின் சொத்துக்காக வழக்காடும் உடன்பிறந்தார் போலப் பேசுகிறீர்கள். தந்தை யார் என்று இருவருமே சொல்லவில்லை.

லீ வோன் குக் 1944இல் சுங் டோ குவானைத் தொடங்கினார். அவர் ஜப்பானில் கராத்தே ஆசான் ஃபுனாகோஷியிடம் ஷோடோகான் கராத்தே பயின்றவர். சோங் மூ குவானைத் தொடங்கிய ரோ பியுங் ஜிக்கும் அதே மரபில் வந்தவர். சோய் ஹாங் ஹியும் ஜப்பானில் மாணவராக இருந்தபோது கராத்தேதான் பயின்றார். சாங்மூ குவான் வழியில் யூன் பியுங் இன் மூலமாக மஞ்சூரியாவில் பயின்ற சீனக் கலையும் கலந்தது. ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற பின் பத்து, பதினைந்து ஆண்டுகள் இந்தப் பள்ளிகளில் பயிற்றுவிக்கப்பட்டவை பெரும்பாலும் கராத்தேயின் கட்டாக்களே, அதாவது வரிசை அசைவுப் பயிற்சி வடிவங்களே. பியோங்ஆன் என்ற கொரிய உச்சரிப்பில் அவை இன்றும் சில பள்ளிகளில் உயிரோடு இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுப் பழமை என்று இரு அமைப்புகளும் தங்கள் நூல்களில் எழுதிக்கொள்வது, ஜப்பானிய ஆட்சியின் நினைவை அழிக்க விரும்பிய ஒரு தலைமுறையின் தேவையாக இருந்தது. அந்த மனநிலையை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. வரலாறு என்று ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூ டுக் குவானைத் தொடங்கிய ஹுவாங் கீ, குவான்களை ஒன்றாக்கிய இந்த இணைப்புக்கே உடன்படவில்லை. அவருடைய மாணவர்களில் ஒரு பகுதியினர் டேக்வாண்டோ சங்கத்தில் சேர்ந்தார்கள், மற்றவர்கள் அவரோடு டாங்சூடோ, சூபாக்டோ என்ற பெயர்களில் தொடர்ந்தார்கள். அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய ஏ.டி.ஏ. எனப்படும் அமெரிக்க டேக்வாண்டோ சங்கமோ, சோங்காம் என்ற தன் சொந்தப் பயிற்சி வடிவங்களோடு இரண்டு பெரிய அமைப்புகளுக்கும் வெளியே வளர்ந்தது. ஆகவே மூலம் எது, கிளை எது என்ற கேள்வியையே இருவரும் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பது என் கருத்து.

சுங்மூ எழுதியது:

பழைய குவான் ஐயா, வேர்கள் கராத்தேயில் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேரிலிருந்து விலகித் தனக்கென ஒரு முழுமையான பாடத்திட்டத்தை முதலில் எழுதியவர் யார் என்பதே என் வாதம். சோய் வடிவமைத்த துல்கள், அதாவது வரிசை அசைவுப் பயிற்சி வடிவங்கள், 24. ஒரு நாளின் 24 மணி நேரத்தை, அதாவது ஒரு மனித வாழ்வை, அவை குறிக்கின்றன என்பது அவர் தந்த விளக்கம். ஒவ்வொன்றும் கொரிய வரலாற்றில் ஒருவரையோ ஒரு நிகழ்வையோ நினைவூட்டுகிறது. நான் பெயராக வைத்திருக்கும் சுங்மூ, கடற்படைத் தளபதி யி சுன் சின்னின் பட்டப்பெயர்; அந்தத் துல் இடக்கைத் தாக்குதலோடு முடிவதற்குக் காரணம், தன் முழு ஆற்றலையும் வெளிப்படுத்த வாய்ப்பின்றி அவர் இறந்ததை நினைவுகூர்வதே. குக்கிவோனின் எட்டு டேகுக் வடிவங்கள் அவற்றுக்குப் பின் வந்தவை.

ஆட்டக்களத்துக்கு வருவோம். உலக டேக்வாண்டோ விதிகளில் தலையில் கையால் தாக்க அனுமதி இல்லை. உடலில் விழும் குத்துக்கு ஒரு புள்ளி, உதைக்கு இரண்டு, தலையில் உதைத்தால் மூன்று, சுழன்று உதைத்தால் உடலுக்கு நான்கும் தலைக்கு ஐந்தும் என்று ஏணி வைத்திருக்கிறார்கள். இதன் விளைவை யாரும் காணலாம்: முன்காலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தியபடி, மார்புக் கவசத்தின் உணரியைத் தொட்டுப் புள்ளி சேர்க்கும் ஆட்டம். கைகள் தொங்கிக் கிடக்கின்றன, ஏனெனில் முகத்தைக் காக்கவேண்டிய தேவை உதையிலிருந்து மட்டுமே எழுகிறது. ஐ.டி.எஃப். போட்டியில் மார்புக் கவசம் கிடையாது. கையுறையும் காலுறைக் கவசமும் அணிந்து, முகத்துக்குக் குத்தும் வரும் என்ற விழிப்போடு ஆடவேண்டும். தற்காப்புக் கலை என்ற பெயருக்கு எது நெருக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எண்கோணம் எழுதியது:

முகத்தில் குத்தலாம் என்றவர், அந்தக் குத்து எவ்வளவு அழுத்தத்தில் விழலாம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஐ.டி.எஃப். போட்டி கட்டுப்படுத்திய தொடுகை கொண்டது. அளவு மீறி அடித்தால் எச்சரிக்கை உண்டு. எங்கள் களத்தில் முழு வேகத்தில் உதைக்கலாம், எதிராளி வீழ்ந்து எழ முடியாவிட்டால் ஆட்டம் அங்கேயே முடியும். கவசம் இருப்பது கோழைத்தனத்தால் அல்ல, அந்த வேகத்துக்கு அது இன்றியமையாதது என்பதால்.

உணரி முறையை ஏன் கொண்டுவந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. 2008 பெய்ஜிங்கில் பிரிட்டன் வீராங்கனை சாரா ஸ்டீவன்சனின் தலை உதையை நடுவர்கள் பார்க்கத் தவறியதால், ஆட்டத்தின் முடிவே காணொளியைப் பார்த்த பின் மாற்றப்பட்டது. அதே போட்டிகளில் கியூபாவின் ஏஞ்சல் மாத்தோஸ் நடுவரை முகத்தில் உதைத்து வாழ்நாள் தடை பெற்றார். மனிதக் கண்ணை மட்டும் நம்பிப் புள்ளி வழங்கும் முறை அங்கே தோற்றுப்போனதால்தான் 2012 லண்டனில் மின்னணு மார்புக் கவசமும் காணொளி மறுஆய்வும், 2016 ரியோவில் மின்னணுத் தலைக்கவசமும் வந்தன. காலைத் தூக்கித் தத்தும் ஆட்டம் அழகற்றது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் சுழல் உதைக்கான புள்ளியை உயர்த்தியதும், 2022 முதல் மூன்று சுற்றில் இரண்டை வெல்லும் முறைக்கு மாறியதும் அதைத் திருத்தும் முயற்சிகளே. ஒவ்வோர் ஒலிம்பிக்குக்கும் பின் விதியை மாற்றும் அமைப்பைத் தேக்கம் கண்டதாகக் குற்றம் சாட்ட முடியாது.

பழைய குவான் எழுதியது:

விதியை அடிக்கடி மாற்றுவது எந்த வடிவம் மூலம் என்ற கேள்விக்கு விடையாகாது, எண்கோணம். அதே அளவுகோலைச் சுங்மூவுக்கும் வைக்கிறேன். உடலை மேலும் கீழும் அசைத்து ஆற்றல் சேர்க்கும் சைன் அலை இயக்கம் இன்று ஐ.டி.எஃப். துல்களின் அடையாளம், சோயின் தொடக்ககாலப் பயிற்சியில் அது இல்லை, பின்னாளில்தான் வலியுறுத்தப்பட்டது. 1960களில் அவரிடம் பயின்று வெளிநாடு சென்ற ஆசிரியர்களின் பள்ளிகளில் அதே துல்களை இன்றும் இடுப்புத் திருப்பத்தோடு, ஏறக்குறைய கராத்தே போல ஆடுகிறார்கள்.

துல்களின் வரலாற்று மதிப்பைப் பற்றியும் சுங்மூ பேசினார். கோடாங் என்ற துல் எங்கே போனது? அது வடகொரியாவில் கம்யூனிஸ்டுகளால் சிறைவைக்கப்பட்ட தேசியத் தலைவர் சோ மான் சிக்கின் பட்டப்பெயர். 1980இல் சோய் செயல்விளக்கக் குழுவோடு வடகொரியா சென்றார். அந்தப் பத்தாண்டிலேயே கோடாங் நீக்கப்பட்டு, அந்த ஆட்சியின் கோட்பாட்டுப் பெயரான ஜூச்சே அதன் இடத்தில் அமர்ந்தது. சியோல் ஆட்சியின் அரசியலை மட்டும் அரசியல் என்று கணக்கில் எடுப்பது எப்படிச் சரியாகும்?

ஈப்போ வாசு எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். சோய் 1962 முதல் எங்கள் நாட்டில் தென்கொரியத் தூதராக இருந்தவர். துல்களின் ஒரு பகுதி உருப்பெற்றதும் அந்தக் காலத்தில்தான். 1966இல் சேர்ந்த ஒன்பது நாடுகளில் மலேசியாவும் சிங்கப்பூரும் உண்டு. எனவே இங்கே ஐ.டி.எஃப். அந்நியப் பெயர் அல்ல.

என் கேள்வி நடைமுறை பற்றியது. ஐ.டி.எஃப். வழியில் கறுப்புப் பட்டை பெற்ற ஒரு பிள்ளை, பின்னாளில் ஒலிம்பிக் வழியில் ஆட விரும்பினால் என்ன ஆகும்? உலக டேக்வாண்டோவின் சர்வதேசப் போட்டிகளுக்குக் குக்கிவோன் சான்று கேட்கப்படுகிறது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, டான் என்னும் கறுப்புப் பட்டை நிலைக்குப் பதிலாகப் பூம் சான்று. அந்தப் பிள்ளை எட்டு டேகுக் வடிவங்களையும் புதிதாகக் கற்றுத் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. எந்தப் பள்ளியில் சேர்க்கும்போதும் இதைப் பெற்றோருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சுவரில் கொரியக் கொடியும் வெள்ளைச் சீருடையும் ஒன்றுபோல இருக்க, சந்தா கட்டிய பல ஆண்டுகளுக்குப் பிறகே வேறுபாடு தெரியவருகிறது. வெள்ளைச் சட்டையின் கழுத்து V வடிவில் மூடியிருந்தால் அது பெரும்பாலும் உலக டேக்வாண்டோ வழி, முன்பக்கம் திறந்து முதுகில் மரம் போன்ற எழுத்து வடிவம் இருந்தால் ஐ.டி.எஃப். வழி என்று கேட்பவர்களிடம் சொல்லிவைக்கிறேன்.

எண்கோணம் எழுதியது:

வாசு அண்ணன் சொன்னதில்தான் என் வாதத்தின் சாரம் இருக்கிறது. ஒரே சான்று, ஒரே தேர்வு முறை, எந்த நாட்டுக்குப் போனாலும் செல்லுபடியாகும் டான் என்பது குக்கிவோன் தந்த வசதி. ஐ.டி.எஃப். பக்கம் அப்படியா இருக்கிறது? சோய் 2002 ஜூனில் பியோங்யாங்கில் இறந்த பின், ஒலிம்பிக் குழு உறுப்பினராக இருந்த வடகொரியாவின் சாங் உங் ஒரு பிரிவுக்கும், சோயின் மகன் சோய் ஜுங் ஹ்வா ஒரு பிரிவுக்கும், வியட்நாமில் பிறந்த கனடியர் டிரான் டிரியூ குவான் இன்னொரு பிரிவுக்கும் தலைமை தாங்கினார்கள். மூன்றும் தம்மை ஐ.டி.எஃப். என்றே அழைத்தன. டிரான் 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில் இறந்த பிறகும் அவருடைய பிரிவு தனியாகவே தொடர்கிறது. மூத்த அமைப்பு என்று பெருமைப்படுகிற சுங்மூ, இந்த மூன்றில் எது மூத்தது என்று முதலில் சொல்லட்டும்.

சுங்மூ எழுதியது:

மூன்றிலும் ஆடப்படுவது அதே 24 துல்கள்தான், சிறு வேறுபாடுகளைத் தவிர. அமைப்பு உடைந்தது, பாடத்திட்டம் உடையவில்லை. ஒரே கூரையின் கீழ் இருப்பது தூய்மைக்குச் சான்று என்றால், புதிய கூட்டமைப்பை 1973 முதல் 2004 வரை நடத்திய கிம் உன் யோங் நிதி மோசடி வழக்கில் சிறை சென்றதை எங்கே வைப்பீர்கள்?

இணைப்பைப் பற்றிப் பேசுபவர்களுக்கு ஒரு செய்தி. 2014 ஆகஸ்டில் நான்ஜிங்கில் உலக டேக்வாண்டோவின் தலைவர் சோ சுங் வோனும் சாங் உங்கும் உடன்படிக்கை செய்தார்கள். இரு பக்க வீரர்களும் மற்றதன் விதிகளை ஏற்று அதன் போட்டிகளில் ஆடலாம் என்பது அதன் உயிர்நாடி. அதன்பின் 2015 செல்யாபின்ஸ்க், 2017 முஜு, 2018 பியோங்சாங் தொடக்க விழா, அதே ஆண்டு பியோங்யாங் என்று கூட்டுச் செயல்விளக்கங்கள் நடந்தன. ஓடுகள் உடைந்தன, மக்கள் கைதட்டினார்கள். களத்தில் எதிரெதிரே நின்று ஆடும் வழக்கம் வரவில்லை. உங்கள் தரப்பு எங்கள் டானை ஏற்கவில்லை, எங்கள் தரப்பின் மற்ற இரு பிரிவுகள் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவே இல்லை.

பழைய குவான் எழுதியது:

அப்படியானால் வாசுவின் கேள்விக்கு இருவரும் சேர்ந்து ஒரு விடை தரலாம். ஐ.டி.எஃப். டான் பெற்ற ஒருவர், டேகுக் வடிவங்களை மட்டும் தேர்வில் ஆடிக்காட்டினால் அதே நிலை டான் தரப்படவேண்டும் என்று எண்கோணம் ஏற்பாரா? குக்கிவோன் டான் பெற்றவருக்கு 24 துல்களில் தன் நிலைக்குரியவற்றைக் கற்றபின் அதே சலுகை தரச் சுங்மூ உடன்படுவாரா?

எண்கோணம் எழுதியது:

முதல் டானுக்கு ஏற்பேன். நான்காம் டானிலிருந்து அவர்கள் பயிற்றுநர்கள். எங்கள் களவிதிகளில் ஒரு நாளும் ஆடாதவரிடம் என் மாணவர்களை ஒப்படைக்க மாட்டேன்.

சுங்மூ எழுதியது:

நானும் அதையே, அதே காரணத்துக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது.