எல் நினோ வருடத்தில் கான் வெட்டுவதைத் தள்ளிப்போடலாமா?

கொழுந்துமலை:
பசிபிக் சமுத்திரம் வழக்கத்தைவிடச் சூடாகிறது, அதாவது எல் நினோ வருகிறது என்கிறார்கள். எல் நினோ என்றால் வறட்சி. ஆகவே நம் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கான்களை (சரிவில் மழைநீர் ஓடும் வடிகால்களை) வெட்டி மண் அள்ளுவதை ஜனவரிக்குத் தள்ளிவைத்து, அந்த ஆட்களை ஒக்டோபரில் உரம் போட விடலாம் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பதுளைக்காற்று:
மறுக்கிறேன் அண்ணே. "எல் நினோ என்றால் வறட்சி" என்பது இந்தியாவின் ஜூன்–செப்டெம்பர் பருவமழையை வைத்து எழுதப்படும் செய்தி. நமக்கு ஒக்டோபர்–டிசம்பர் கணக்கு பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும். வழக்கமாக இந்தோனேசியாவுக்கு மேலே எழும்பும் ஈரக்காற்று, எல் நினோவில் நடுப்பசிபிக்குக்கு இடம்பெயர்கிறது. இந்தோனேசியாவில் காற்று கீழிறங்கி, கடல்மட்டத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. அது கொண்டுவரும் ஈரம் நம் பக்கம் குவிகிறது. வறட்சிக்குப் பயப்பட வேண்டிய மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை.

கொழுந்துமலை:
பசிபிக்கில் அரை பாகை கூடினால் இங்கே மலையகத்துப் பூண்டுலோயாவில் மழை கொட்டும் என்பதை எப்படி நம்புவது தம்பி? 2019 கடைசியில் இங்கே வெள்ளம். அப்போது பலமான எல் நினோ எங்கே இருந்தது?

கடல்கணக்கு:
நல்ல கேள்வி. அந்த வருடம் விளையாடியது நம்முடைய சமுத்திரம். ஆபிரிக்கா பக்கம் கடல் சூடாகி, சுமாத்திரா பக்கம் குளிர்ந்துவிட்டது. இதை இந்து சமுத்திர இருமுனை என்கிறார்கள். 1999 இல்தான் விஞ்ஞானிகள் விவரித்தார்கள். இரண்டு பக்கமும் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, மேற்கிலிருந்து கிழக்கைக் கழிப்பார்கள். +0.4 பாகைக்கு மேல் சில வாரம் நின்றால் கவனிக்க வேண்டும். 1997 இல் எல் நினோவும் இதுவும் சேர்ந்தே வந்தன. பசிபிக்கை மட்டும் பார்க்கிறவர் பாதிக் கணக்குத்தான் போடுகிறார். பதுளைக்காற்றுக்கும் இதையே சொல்கிறேன்.

பதுளைக்காற்று:
ஏற்கிறேன். ஆனால் கான் விஷயத்தில் இரண்டும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. மலையும் சேர்ந்துகொள்கிறது. கரையில் வெப்பநிலை 30 பாகை, பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 25 என்றால், வித்தியாசம் 5. பாகைக்கு 125 மீட்டர் என்று பெருக்கினால் மேகத்தின் அடி சுமார் 625 மீட்டர். ஹட்டன் 1,270 மீட்டருக்குக் கிட்ட. மேலேறும் காற்று அங்கே போகும்போது ஏற்கெனவே மேகம். கடற்காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 வீதம் அதிக ஈரம் பிடிக்கும்.

கொழுந்துமலை:
பருவத்தின் மொத்த மழை கூடலாம், சரி. ஒரு கானை உடைக்க அது போதுமா?

கடல்கணக்கு:
கானை உடைப்பது ஒரு இரவு மழை. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் பெய்தாலே ஒரு லட்சம் லீற்றர் தண்ணீர். கானில் பாதி மண் நின்றால் தண்ணீர் கரையைத் தாண்டி நேரே சரிவில் இறங்கும். பிறகு அது வெட்டும் பள்ளம்தான் அடுத்த மழைக்கு வழி. லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள கான்களை எந்த வருடமும் தள்ளிவைக்கவே கூடாது. கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது 2014 ஒக்டோபர் 29. அந்த மாதத்தை லேசாக எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொழுந்துமலை:
லயத்துக்கு மேலே உள்ளதை இப்போதே செய்யலாம், அதில் வாதம் இல்லை. மற்ற மலைகளில் உரம்தான் முதலில் என்று இன்னும் நினைக்கிறேன். ஜனவரியில் காய்ந்த மண்ணில் யூரியா போட்டால் அமோனியாவாகப் பறந்துவிடும்.

பதுளைக்காற்று:
கொட்டும் மழைக்கு முன் போட்டாலும் ஆற்றோடு போய்விடும். இரண்டாகப் பிரித்து, மண் ஈரமாக இருந்து கனமழை எதிர்பார்க்காத நாட்களில் போடுங்கள். அதற்கு மழைமானி சரியாக இருக்க வேண்டும். நிழல்மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். கிட்ட இருந்தால் சாய்ந்து வரும் மழையை மரம் மறைக்கும். கிளைக்குக் கீழே இருந்தால் சொட்டுநீர் சேரும். தினமும் காலை 8.30க்கே அளவுக் குவளையில் ஊற்றி, கண்மட்டத்தில் பிடித்துப் பாருங்கள்.