நாயோடு ஆர்வி பயணம்: கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் பக்கம் எந்த கேம்ப்கிரவுண்ட் சரிவரும்?

மணியின்_அப்பா (சாண்ட்லர், அரிசோனா)

வணக்கம். வரும் ஜூன் முதல் வாரம் 25 அடி கிளாஸ் சி ஆர்வி (படுக்கை, சமையலறையோடு வரும் வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, இங்கிருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, ஏரிக்கரை ஊரான பேஜ், யூட்டாவின் சயான், பிரைஸ் தேசியப் பூங்காக்கள் என்று ஒரு சுற்று போய்வர நினைக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஏப்ரலில் திருச்சியிலிருந்து வரவிருக்கும் மாமியார். கூடவே மணி.

மணி ஷெல்டரில் (ஆதரவற்ற விலங்குகள் காப்பகத்தில்) எடுத்த நாய். 60 பவுண்டு. பார்த்தால் நம்மூர்த் தெருநாய் போலத்தான் இருப்பான், ஆனால் ஷெல்டர் காகிதத்தில் பிட்புல் கலப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆளைக் கடிக்கிற ரகம் இல்லை. இடி, பட்டாசு, பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் பயம். தனியே விட்டால் கொஞ்ச நேரம் குரைத்துவிட்டுத் தூங்கிவிடுவான்.

எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "நாய்களுக்கு அனுமதி உண்டு" என்றுதான் போட்டிருக்கிறது. தொலைபேசியில் கூப்பிட்டால் கதை வேறு. ஒரு தனியார் ஆர்வி பார்க்கில் இனம் என்ன என்று கேட்டதும் இடமில்லை என்றார்கள். இன்னொன்றில் வரலாம், ஆனால் வண்டிக்குள் நாயைத் தனியே விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட வெளியே போகக்கூடாதாம். அப்படியானால் ஐந்து பேரும் சேர்ந்து எதைத்தான் பார்ப்பது? நாயோடு இந்தப் பக்கம் போனவர்கள் எங்கே தங்கினீர்கள், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். மணியை விட்டுவிட்டுப் போவதாக இல்லை, அந்த யோசனை மட்டும் வேண்டாம்.

ஊர்சுற்றி_லதா (ஃபிளாக்ஸ்டாஃப்)

தம்பி, அனுமதி உண்டா என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். இந்தச் சுற்றில் அநேகமாக எல்லா கேம்ப்கிரவுண்டிலும் அனுமதி உண்டு. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை மணி எங்கே இருப்பான், அங்கே எவ்வளவு சூடு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனோடு எவ்வளவு தூரம் நடக்க விடுவார்கள் என்று பாருங்கள். அதை வைத்து இரவுத் தங்கலைப் பிரித்தால் உங்கள் திட்டமே மாறிவிடும்.

தேசியப் பூங்காக்களில் பொதுவான விதி ஒன்று உண்டு. கார் போகிற இடம், பார்க்கிங், கேம்ப்கிரவுண்ட், பிக்னிக் இடம், இவ்வளவுதான் நாய்க்கு. கயிறு 6 அடிக்கு மேல் கூடாது. மலைப்பாதைகள் பெரும்பாலும் கிடையாது, ஷட்டில் பஸ்ஸிலும் ஏற்றமாட்டார்கள். ஆனால் பூங்காவுக்குப் பூங்கா விலக்கு இருக்கிறது. உங்கள் பயணமே அந்த விலக்குகளில்தான் நிற்கிறது.

தெற்கு விளிம்பு இந்த விஷயத்தில் தாராளம். விளிம்பை ஒட்டிய ரிம் டிரெயில் 13 மைல், அதில் முழுக்க நாயோடு நடக்கலாம். கீழே பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதைகளில்தான் தடை. அதுவும் நல்லதற்குத்தான், ஜூன் வெயிலில் அந்தச் சரிவில் மனிதர்களே சுருண்டு விழுகிறார்கள். உயரம் சுமார் 7,000 அடி என்பதால் நீங்கள் சாண்ட்லரில் வெந்துகொண்டிருக்கும் அதே நாளில் அங்கே நிழலில் சுகமாக உட்காரலாம், இரவில் ஸ்வெட்டர் வேண்டும். தங்குவதற்கு டிரெய்லர் வில்லேஜ் எடுங்கள். பூங்காவுக்குள்ளேயே மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்று இணைப்பும் உள்ள இடம் அதுதான். பக்கத்திலேயே இருக்கும் மேதர் கேம்ப்கிரவுண்ட் மரங்களோடு இன்னும் அழகு, ஆனால் மின்சாரம் கிடையாது, ஜெனரேட்டரும் காலை மாலை சில மணி நேரம்தான் ஓட்ட விடுவார்கள். ஜெனரேட்டர் சத்தத்துக்கு மணி பயப்படுவான் என்கிறீர்கள், அந்த நேரம் பார்த்து எல்லா வண்டியும் ஒன்றாக உறுமும். இரண்டு இடத்திலும் எல்க் மான்கள் சர்வசாதாரணமாக வண்டிகளுக்கு நடுவே மேயும். குட்டியோடு இருக்கிற தாய் எல்க் நாயைக் கண்டால் துரத்தி வந்து உதைக்கும், கதவைத் திறக்கும் முன் ஒரு பார்வை பாருங்கள்.

அங்கேயே பூங்காவின் நாய்க் காப்பகமும் இருக்கிறது. தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். கழுத்தில் தொங்கும் ரேபிஸ் வில்லை போதாது, மருத்துவர் கொடுத்த காகிதம் வேண்டும். போகும் முன் கூப்பிட்டு இடம் சொல்லி வையுங்கள். ஒரு பகல் அங்கே விட்டால் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து ஷட்டிலில் விளிம்பை ஒட்டிய ஹெர்மிட் சாலை முழுவதும் போய் வரலாம்.

பேஜ், என் கருத்தில், ஜூனில் நாயோடு வேண்டாம். ஏரிக்கரை வெட்டவெளி. ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற ஆற்று வளைவைப் பார்க்க நாயைக் கூட்டிப் போகலாம்தான், ஆனால் பாதையில் மரம் கிடையாது. ஆன்டலோப் கேன்யனுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. ஆக ஒருவர் வண்டியில் உட்கார வேண்டும்.

சயானில் நாய்க்கு ஒரே ஒரு பாதை, பாருஸ் டிரெயில். போக வர மூன்றரை மைல், தளம் போட்ட பாதை. ஆற்றை ஒட்டியே போகும். மார்ச்சிலிருந்து நவம்பர் வரை பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்த வண்டி விடமாட்டார்கள், ஷட்டில்தான், அதில் மணிக்கு இடமில்லை. அதாவது சயான் என்று நீங்கள் படத்தில் பார்த்த இடங்களில் பெரும்பாலானவை அவனோடு சாத்தியமில்லை. இன்னொன்று: வர்ஜின் ஆற்றில் நாயை இறக்காதீர்கள், தண்ணீர் குடிக்கவும் விடாதீர்கள். பாறையில் படரும் ஒருவகை நச்சுப் பாசி இருக்கிறது. 2020 ஜூலையில் அதில் விளையாடிய நாய்க்குட்டி ஒன்று இறந்தே போனது. மணி தண்ணீரைப் பார்த்தால் பாய்கிற ரகமா என்று உங்களுக்குத்தான் தெரியும். தங்குவதானால் வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்ட், ஏ அல்லது பி லூப் (பிரிவு). அங்கே மின்சாரம் உண்டு, ஜெனரேட்டருக்குத் தடை, உங்களுக்கு அது வரப்பிரசாதம்.

பிரைஸ் 8,000 அடி, குளிர்ச்சி. சன்ரைஸ் பாயின்ட்டிலிருந்து சன்செட் பாயின்ட் வரை விளிம்பில் தார்ப்பாதை, அதில் நாயோடு போகலாம். தூரம் கொஞ்சம்தான், ஆனால் பிரைஸின் மொத்த அழகும் அங்கிருந்தே தெரியும். உங்கள் மாமியாரும் நடக்கலாம். அதற்கு மேலே நடக்க வேண்டுமானால் 12ஆம் எண் சாலையில் ரெட் கேன்யன். அது டிக்ஸி தேசிய வனம், தேசியப் பூங்கா இல்லை. வனத்துறை நிலத்தில் நாய் விதிகள் எவ்வளவோ தளர்வு, கயிறு இருந்தால் போதும். அதே சிவப்புப் பாறைகள், பொன்டரோசா பைன் நிழல், கூட்டம் பாதிகூட இருக்காது. பிரைஸுக்குள் இருக்கும் இரண்டு கேம்ப்கிரவுண்டிலும் ஹூக்கப் (வண்டிக்கான மின்சார, தண்ணீர், கழிவு இணைப்பு) கிடையாது, ஆனால் அந்த உயரத்தில் ஜூனில் ஏசி இல்லாமல் சமாளிக்கலாம்.

அப்புறம் அந்த பிட்புல் காகிதம். தனியார் பார்க்குகள் காப்பீட்டுக்காக, அனுமதிக்காத நாயினங்களின் பட்டியல் வைத்திருப்பார்கள். அலுவலகத்தில் நாயைப் பார்ப்பதைவிடத் தடுப்பூசிச் சான்றில் இனம் என்ற இடத்தைத்தான் பார்ப்பார்கள். உங்கள் மருத்துவரிடம் இது உறுதியாகத் தெரிந்த இனமா, ஷெல்டரின் ஊகமா என்று கேளுங்கள். ஊகம்தான் என்றால் பல மருத்துவர்கள் வெறும் "கலப்பினம்" என்று திருத்தித் தருவார்கள். தேசியப் பூங்கா, வனத்துறை இடங்களில் பொதுவாக இந்தக் கேள்வியே வராது. இதனாலேயே நான் தனியார் பார்க்கை வழிநடுவில் ஓர் இரவு துணி துவைக்கவும் வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் மட்டும் வைத்துக்கொள்வேன்.

பாலைவன_குமார்

லதா அக்கா சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. ஆனால் சயானை அவ்வளவு லேசில் ஒதுக்க முடியாது சகோ. பிள்ளைகள் ஒருமுறைதான் பிள்ளைகளாக இருப்பார்கள், ஆற்றுக்குள் நடக்கிற நேரோஸ் பார்க்காமல் திரும்புவதா? செயின்ட் ஜார்ஜ் பக்கம் பகல் நேர நாய்க் காப்பகங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு பகல் விடுங்கள். இல்லையென்றால் முறை போடுங்கள்: காலை முதல் ஷட்டிலில் நீங்களும் பெரியவனும், மதியம் உங்கள் மனைவியும் சின்னவளும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது, யாரும் சண்டை போடவில்லை (பெரிதாக).

வண்டிக்குள் ஏசி போட்டுவிட்டு நாயை விடுவது பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. மதியம் எல்லா வண்டியும் ஏசி ஓட்டும்போது பழைய ஆர்வி பார்க்குகளில் மின்னழுத்தம் விழும், பிரேக்கர் டிரிப் ஆகும். மின்சாரம் திரும்பி வந்தாலும் சில ஏசிகள் தானாக ஓடாது. வண்டிக்குள் வெப்பத்தைக் கைபேசிக்கு அனுப்பும் கருவி விற்கிறார்கள், நல்லதுதான், ஆனால் அது செல்போன் சிக்னலில் ஓடுகிறது. பள்ளத்தாக்குக்குள் நிற்கும் உங்களுக்கும் சிக்னல் இருக்க வேண்டும், வண்டிக்கும் இருக்க வேண்டும். கேம்ப்கிரவுண்ட் விமர்சனங்களில் சிக்னல் பற்றி எழுதியிருப்பார்கள், அதைப் படிக்காமல் பதிவு செய்யாதீர்கள். நிழல் உண்டா என்பதை கூகுள் மேப் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். பளபள படங்களில் எல்லா இடமும் பசுமையாகத்தான் இருக்கும், மேலிருந்து பார்த்தால் வெறும் ஜல்லி மைதானம்.

அந்த ஜல்லியில் இன்னொரு தொல்லை, நெருஞ்சி. நம்மூர் வயல் வரப்பில் காலில் ஏறுகிற அதே செடிதான், இங்கே அரிசோனா, யூட்டா முழுக்கப் பரவியிருக்கிறது. நாய்ப் பூங்கா என்று வேலி போட்டு வைத்திருக்கும் மூலைகளில் அதுதான் முதலில் முளைக்கும். உள்ளே விடும் முன் செருப்பை ஒருமுறை தேய்த்து நடந்து அடியில் பாருங்கள். சோயா (cholla) என்ற கள்ளிச் செடியின் முள்ளை எடுக்க அகலப்பல் சீப்பு ஒன்றும் வேண்டும், கையால் பிடுங்கப் போனால் கையில் ஏறும்.

மணியின்_அப்பா

லதா அக்கா, குமார் சகோ, இருவருக்கும் மிக்க நன்றி. பேஜை எடுத்துவிட்டேன், மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம். மருத்துவரிடம் கேட்டேன், கலப்பினம் என்று மாற்றிக் கொடுத்துவிட்டார், இரண்டு நிமிட வேலை. இரண்டு சந்தேகம். ஃபீனிக்ஸிலிருந்து ஏறும்போது வண்டி ஓடுகையில் மணியை எங்கே உட்கார வைப்பது? மாமியார், "எனக்கு மலையெல்லாம் வேண்டாம், நான் நாயோடு இருந்துகொள்கிறேன்" என்கிறார். அவரை மணியோடு வண்டியில் விட்டுவிட்டு நாங்கள் போவது சரியா?

வாடகைவண்டி_வாசு (டெம்பி)

வண்டி விஷயம் நான் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் நாய் என்ற சொல் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். வாயால் சரி என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது முடி இருக்கிறது என்று சுத்தம் செய்யும் கட்டணம் தீட்டுவார்கள். சாவி வாங்கும்போதே சோபா, கம்பளம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள். பழைய பெட்ஷீட் இரண்டை விரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஓட்டும்போது மணியை மார்புப்பட்டை போட்டு, பின்னால் சாப்பாட்டு மேசை இருக்கையின் சீட் பெல்ட்டில் மாட்டுங்கள். முன்கூரைக் கட்டிலில் விடவே கூடாது, பிரேக் போட்டால் நேராக ஓட்டுநர் தலையில். முன்பக்கம் டேஷ்போர்டில் வரும் ஏசி 25 அடி வண்டியின் பின்புறத்தை எட்டாது. ஃபீனிக்ஸ் வெயிலில் ஐ-17 நெடுஞ்சாலை ஏற்றம் ஏறும்போது ஜெனரேட்டரைப் போட்டுக் கூரை ஏசியை ஓட்டுங்கள். அந்தச் சத்தத்துக்கு அவன் பயப்படுவான் என்றால் வாரம் ஒருமுறை எங்கேயாவது ஜெனரேட்டர் ஓடும் இடம் பக்கம் தின்பண்டத்தோடு இப்போதே நடத்திப் பழக்குங்கள், ஜூனுக்கு நிறைய நேரம் இருக்கிறது. விடியற்காலை ஐந்துக்குப் புறப்பட்டால் வெயில் ஏறும் முன் ஃபிளாக்ஸ்டாஃப் தாண்டிவிடலாம்.

பிரைஸ் போகும் வழி பற்றியும் ஒன்று. சயானின் கிழக்கே இருக்கும் மவுன்ட் கார்மல் சுரங்கத்தில் 11 அடி 4 அங்குல உயரமோ 7 அடி 10 அங்குல அகலமோ தாண்டினால் பெரிய வண்டி. உங்கள் கிளாஸ் சி அந்த அளவைத் தாண்டிவிடும். 2026 நடுவிலிருந்து பெரிய வண்டிகளை அந்த வழியில் விடுவதில்லை என்று பூங்கா அறிவித்திருக்கிறது. அப்படியானால் ஐ-15 நெடுஞ்சாலை பக்கமாகச் சுற்ற வேண்டும், அன்றைக்கு மணிக்கு வண்டியில் கூடுதல் நேரம். நடுவில் ஒரு நிறுத்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊர்சுற்றி_லதா

மாமியார் கூட இருப்பது பெரிய உதவி தம்பி, ஆனால் 60 பவுண்டு நாயை அவர் கையில் கயிற்றோடு கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். எல்க் வந்தால் அவன் இழுப்பான், அவர் விழுவார். தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜில் காலையில் நீங்கள் மணியை நன்றாக நடத்திக் களைக்க வைத்துவிட்டு, அவரை வண்டிக்குள் அவனோடு விடலாம். மின்சாரம் இருக்கிறது, வெளியே வெப்பமும் குறைவு. மின்சாரம் போனால் ஜன்னல்களைத் திறந்து, கூரைக் காற்றாடியை ஓட விடுவது எப்படி என்று அவருக்குச் செய்து காட்டுங்கள். சயானில் அதைச் செய்யாதீர்கள். அங்கே கீழே பள்ளத்தாக்கில் 4,000 அடிதான், ஜூன் மதியம் நம் ஃபீனிக்ஸ் பக்கத்து வெயில்தான் அடிக்கும். குமார் சொன்ன காப்பகம் அங்கேதான் பொருந்தும், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

தெற்கு விளிம்பில் மூன்று இரவு, வாட்ச்மேனில் ஒன்று, பிரைஸில் இரண்டு என்று பிரியுங்கள். வாட்ச்மேன் ஆறு மாதத்துக்கு முன்பே ரிக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) தளத்தில் திறக்கும், திறந்த சில நிமிடங்களில் மின்சார இடங்கள் போய்விடும். நீங்கள் தங்கும் தேதியிலிருந்து ஆறு மாதம் பின்னால் எண்ணி அன்று காலை கணினி முன் உட்காருங்கள். டிரெய்லர் வில்லேஜ் அந்தத் தளத்தில் வராது, பூங்காவுக்குள் விடுதி நடத்தும் நிறுவனத்தின் தளத்தில் தேட வேண்டும். வாட்ச்மேன் கிடைக்காமல் போனால் வெயிலில் தனியார் பார்க் தேடி அலையாமல் அந்த ஓர் இரவையும் பிரைஸுக்கே கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஜூன் இங்கே காட்டுத்தீக் காலம். வனத்துறை நிலத்தில் நெருப்பு மூட்டத் தடை வரும், சில நேரம் காட்டையே மூடிவிடுவார்கள். ரெட் கேன்யன் நடையை அதற்கு முந்தின நாள் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.