6 மணி மாத்திரைக்கு 6:25க்கு மணி: எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவில்

சனிக்கிழமை

7:31 பெரியப்பா: கார்த்தி, மாத்திரை ஆப் இன்னைக்கும் 6 மணிக்கு அடிக்கல. 6:25க்கு போனை கையில எடுத்த உடனே டிங்னு வருது. இது தைராய்டு மாத்திரைப்பா, காபிக்கு அரை மணி முன்னாடியே போட்டாகணும். வாட்ச்ல சுத்தமா வர்றதே இல்ல. முன்னெல்லாம் எப்பவாவதுதான் லேட்டாகும். போன வாரம் ஆப்பை அழிச்சிட்டுத் திரும்ப ஏத்தினேன், அதுலேர்ந்து தினமும் இப்படித்தான்.

7:34 கார்த்தி: பெரியப்பா, ராத்திரி 9 மணி பிரஷர் மாத்திரைக்கு நேரத்துக்கு வருதா?

7:35 பெரியப்பா: அது டாண்ணு வந்துடும்.

7:35 கார்த்தி: ராத்திரி போன் எங்க இருக்கும்? சார்ஜ்லயா?

7:36 பெரியப்பா: ஹால் ஷெல்ஃப் மேல. சார்ஜ் சாயங்காலமே போட்டு எடுத்துடுவேன்.

7:41 கார்த்தி: அப்ப விஷயம் புரியுது. ஆண்ட்ராய்டுல டோஸ்னு ஒண்ணு இருக்கு, மாத்திரை டோஸ் இல்ல, போனோட தூக்கம். 2015ல ஆண்ட்ராய்டு 6 வந்ததுலேர்ந்து இருக்கு. சார்ஜர்ல இல்லாம, ஸ்கிரீன் அணைஞ்சு, அசையாம கிடந்தா அரை மணி, ஒரு மணி நேரத்துல போன் ஆழமா தூங்கிடும். நெட், பின்னணி வேலை, சாதாரண அலாரம் எல்லாத்தையும் நிறுத்தி வச்சிடும். நடுவுல அப்பப்ப முழிச்சு, தேங்கினதை முடிச்சிட்டு மறுபடி தூங்கும். நேரம் ஆக ஆக அந்த இடைவெளி நீண்டுட்டே போகும். விடியக்காலையிலதான் ரொம்ப நீளம். நீங்க எடுத்து ஸ்கிரீன் எரிஞ்சதும் தேங்கினதெல்லாம் கொட்டுது. ராத்திரி 9 மணிக்கு போன் உங்க கையில இருக்கறதால அந்தத் தொந்தரவே இல்ல.

7:43 தேவி: பெரியப்பா, யூடியூப் பார்த்து எல்லா சுவிட்சையும் ஒரே மூச்சுல தட்டிடாதீங்க. எது சரி பண்ணுச்சு, எது கெடுத்துச்சுன்னு அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது. முதல்ல செட்டிங்ஸ் > நோட்டிஃபிகேஷன்ஸ் > நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி போய் ஆன் பண்ணுங்க. ஆண்ட்ராய்டு 11லேர்ந்து இருக்கு, ஆனா தானா ஆன்ல இருக்காது. கடைசி 24 மணி நேரத்துல எது எப்ப வந்துச்சுன்னு காட்டும். நாளைக்குக் காலையில அதுல 6:00ன்னு இருந்து வாட்ச் பேசலைன்னா கோளாறு வாட்ச் பக்கம். 6:25ன்னு இருந்தா போன் தூங்கியிருக்கு. பதிவே இல்லைன்னா ஆப் செத்துப் போயிருக்கு, இல்ல அனுமதி இல்ல.

7:44 பெரியப்பா: ஆன் பண்ணிட்டேம்மா. ஆனா அழிச்சு ஏத்தினதும் ஏன் மோசமாச்சு?

7:49 கார்த்தி: அதுதான் முக்கியமான இடம். குறிச்ச நிமிஷத்துல அடிக்கறதுக்குன்னு ஆண்ட்ராய்டு 12ல தனி அனுமதி கொண்டு வந்தாங்க. 14லேர்ந்து புதுசா ஏத்தற பெரும்பாலான ஆப்புக்கு அது ஆஃப்லதான் இருக்கும், நாமளாத்தான் போடணும். உங்க பழைய ஆப்புக்கு இருந்திருக்கும், அழிச்சதும் போயிடுச்சு. செட்டிங்ஸ் > ஆப்ஸ் > ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ் > அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ். அங்க மாத்திரை ஆப் எப்படி இருக்குன்னு பாருங்க.

7:52 பெரியப்பா: ஆஃப்ல இருக்கு. போட்டுட்டேன்.

7:54 கார்த்தி: அருமை. அடுத்தது பேட்டரி. நம்ம வீட்டுல மூணு மாதிரி போன் இருக்கறதால எல்லாருக்கும் சேர்த்தே எழுதறேன். சாம்சங்: பேட்டரி > பேக்கிரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ் > நெவர் ஸ்லீப்பிங் ஆப்ஸ்ல சேர்க்கணும். ரெட்மி, ஷாவ்மி: ஆப் ஐகானை அழுத்திப் பிடிச்சு ஆப் இன்ஃபோ, அதுல ஆட்டோஸ்டார்ட் ஆன், பேட்டரி சேவர்ல நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ். மோட்டோ, பிக்சல்: ஆப் இன்ஃபோ > பேட்டரி > அன்ரெஸ்ட்ரிக்டட். மாடலுக்கு மாடல் பேர் கொஞ்சம் மாறும். கிடைக்கலைன்னா செட்டிங்ஸ் மேல இருக்கற தேடல்ல பேட்டரின்னு போடுங்க.

7:55 கார்த்தி: அதே ஆப் இன்ஃபோல கீழ, பயன்படுத்தலைன்னா ஆப்பை நிறுத்தி வைன்னு ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆஃப் பண்ணிடுங்க. சில மாசம் தொடாத ஆப்போட அனுமதியை எல்லாம் பிடுங்கிடும்.

7:58 பெரியப்பா: சரி. தூங்கப் போறதுக்கு முன்னாடி கிளீனர் ஆப்ல எல்லாத்தையும் துடைச்சிடுவேன். அது பரவாயில்லையா?

8:02 கார்த்தி: அதை இன்னையோட விட்டுடுங்க பெரியப்பா. ரீசன்ட்ல சும்மா மேல தள்ளறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் உண்டு. கிளீனர் ஆப் சிலது ஃபோர்ஸ் ஸ்டாப் பண்ணும், அதாவது ஆப்பை அடியோட நிறுத்திடும். அது நடந்தா அந்த ஆப் பதிஞ்சு வச்ச அலாரம் அத்தனையும் அழிஞ்சிடும். நீங்களா ஒரு தடவை திறக்கற வரைக்கும் அதுக்கு எதுவும் வராது, நெட் வழியா வர்ற செய்தி கூட. எப்பவாவது லேட்டாச்சுன்னு சொன்னீங்களே, அந்த நாளெல்லாம் இதுவா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

8:03 தேவி: இப்ப வாட்ச். பெரியப்பா, வாட்சைக் கையில கட்டிக்கிட்டு போனை லாக் பண்ணி வைங்க. நான் எஸ்எம்எஸ் அனுப்பறேன்.

8:05 பெரியப்பா: அதிருது! உன் பேர் கூட வந்துச்சு.

8:11 தேவி: அப்ப ப்ளூடூத் நல்லா இருக்கு, போனோட நோட்டிஃபிகேஷனைப் படிக்கற அனுமதியும் இருக்கு. மிச்சம் மூணு இடம்தான். ஒண்ணு, வாட்ச் ஆப்ல நோட்டிஃபிகேஷன் லிஸ்ட். புதுசா ஏத்தின ஆப் பல வாட்ச்ல அதுல தானா சேராது, டிக் பண்ணணும். ரெண்டு, மாத்திரை ஆப்போட நோட்டிஃபிகேஷன் சைலன்ட்ல இருக்கா? வரும்போது அதை அழுத்திப் பிடிச்சா டீஃபால்ட், சைலன்ட்னு ரெண்டு காட்டும். சைலன்ட்னா வாட்ச் அதிராது. ஒருதடவை நாம சைலன்ட் பண்ணிட்டா ஆப்பால அதை மாத்த முடியாது, நாமதான் திருப்பணும். மூணு, வாட்ச்ல பெட்டைம், அதாவது தூங்கற நேரத்துல அதிராம இருக்கற செட்டிங், எத்தனை மணி வரைக்கும் இருக்கு?

8:13 பெரியப்பா: ராத்திரி 10லேர்ந்து காலை 7. டிக்கும் இல்லாம இருந்துச்சு, போட்டுட்டேன்.

8:15 தேவி: கண்டுபிடிச்சாச்சு. 8 மணிக்கு என் எஸ்எம்எஸ் வந்துச்சு, 6 மணி மாத்திரை வராது. பெட்டைம்ல இருக்கும்போது கடிகார அலாரம் மட்டும்தான் அதிரும். மாத்திரை ஆப் தர்றது அலாரம் இல்ல, சாதா நோட்டிஃபிகேஷன். முடிவு நேரத்தை 5:45ன்னு மாத்துங்க. போன்லயும் டூ நாட் டிஸ்டர்ப் அதே நேரத்துல இருக்கான்னு பாருங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருந்தா ஒரு பக்கம் மாத்தினது மறு பக்கம் திரும்பி வந்துடும்.

8:16 தேவி: வாட்ச் ஆப்பையும் பேட்டரி கட்டுப்பாட்டுலேர்ந்து விடுவிக்கணும், மறக்காதீங்க. மாத்திரை ஆப் முழிச்சிருந்து வாட்ச் ஆப் தூங்கினா தகவல் பாதியிலயே நிக்கும். ரெண்டு மூணு நாள் வந்து திடீர்னு நின்னு போனா, செட்டிங்ஸ் > நோட்டிஃபிகேஷன்ஸ்ல டிவைஸ் அண்ட் ஆப் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் வாட்ச் ஆப்பை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. விட்டுப்போன இணைப்பு திரும்பப் பிடிச்சுக்கும்.

8:24 மீனா அத்தை: அண்ணா, அண்ணி வச்சிருக்கறது ஐபோன். அதுல இதெல்லாம் தேடாதீங்க. அதுல ஆப் நினைவூட்டலை முன்கூட்டியே ஐஓஎஸ் கிட்ட ஒப்படைச்சிடும், ஆப்பை மேல தள்ளினாலும் நேரத்துக்கு வரும். ஆனா ஒரு ஆப்புக்கு 64 வரைக்கும்தான் வச்சுக்கும்.

8:26 கார்த்தி: ஆமா அத்தை, அது பலபேர் மாட்டிக்கற இடம். ஒவ்வொரு வேளையையும் தனித்தனியா பதியற ஆப்பா இருந்தா, நாளுக்கு 4 மாத்திரைன்னா 16 நாள்ல 64 தீர்ந்துடும். நடுவுல ஆப்பைத் திறக்காம விட்டா 17ஆம் நாள் அமைதி. பெரியம்மாவை வாரம் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்க.

8:30 மீனா அத்தை: இன்னொண்ணு, நோட்டிஃபிகேஷனைச் சேர்த்து வச்சுக் காட்டற ஷெட்யூல்டு சம்மரியில அந்த ஆப் மாட்டியிருந்தா, அதுல குறிச்சு வச்ச நேரத்துல மொத்தமாத்தான் காட்டும். ஸ்லீப் ஃபோகஸ்லயும் அந்த ஆப்பை அனுமதிச்சிருக்கணும். ஐபோன் திறந்து கையில இருந்தா ஆப்பிள் வாட்ச் அதிராது, போன்லதான் காட்டும். அது கோளாறு இல்ல. ஐஓஎஸ் 17லேர்ந்து ஹெல்த் ஆப்போட மெடிகேஷன்ஸ்ல, போட்டேன்னு குறிக்கலைன்னா 30 நிமிஷம் கழிச்சு மறுபடி கேக்கற வசதி இருக்கு. அண்ணிக்கு அதுவே போதும்.

8:37 பெரியப்பா: இப்ப 10 நிமிஷத்துக்கு ஒண்ணு வச்சுப் பார்த்தேன், டாண்ணு வந்துடுச்சு. வாட்ச்லயும் அதிர்ந்துச்சு!

8:40 கார்த்தி: 10 நிமிஷத்துல போன் தூங்கியே இருக்காது பெரியப்பா, அதை நம்பாதீங்க. மத்தியானம் 1 மணிக்கு ஸ்கிரீனை அணைச்சு ஷெல்ஃப்ல வைங்க, சார்ஜ் வேண்டாம், 4 மணிக்கு ஒரு நினைவூட்டல். நடுவுல தொடக்கூடாது. ஹிஸ்டரில 4:00ன்னு இருந்தாத்தான் கணக்கு.

8:41 கார்த்தி: இன்னும் சரியாகிற வரைக்கும் போனோட கிளாக் ஆப்ல 6 மணிக்கு ஒரு அலாரம் வச்சு, லேபிள்ல தைராய்டுன்னு எழுதிடுங்க. கிளாக் அலாரத்துக்கு போன் தூக்கத்தை விட்டு எழுந்தே தீரும். மாத்திரை விஷயம், ஒரே ஆப்பை நம்ப வேண்டாம்.

16:06 பெரியப்பா: ஹிஸ்டரில 4:00. வாட்சும் அதிர்ந்துச்சு.

ஞாயிற்றுக்கிழமை

6:03 பெரியப்பா: 6:00. போன், வாட்ச் ரெண்டும். மாத்திரை போட்டாச்சு.

6:40 தேவி: நல்லது பெரியப்பா 🙏

6:48 கார்த்தி: ஒரே ஒரு சோதனை பாக்கி. இன்னைக்கு ராத்திரி போனை ரீஸ்டார்ட் பண்ணி, பின் நம்பர் போட்டுத் திறங்க, ஆனா மாத்திரை ஆப்பைத் தொடாதீங்க. ரீஸ்டார்ட்ல அலாரம் எல்லாம் அழிஞ்சிடும், ஆப் தானா எழுந்து திரும்பப் பதியணும். நாளைக்கு 6 மணிக்கு வந்தா ஆட்டோஸ்டார்ட் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ராத்திரி தானா ரீஸ்டார்ட் ஆகற செட்டிங் இருந்தா அதையும் நிறுத்திடுங்க. பின் போடற வரைக்கும் கிளாக் தவிர பெரும்பாலான ஆப்பால எழுந்திருக்க முடியாது.

6:52 பெரியப்பா: ஆட்டோ ரீஸ்டார்ட்னு ஒண்ணு இருக்கு, ஞாயிறு விடியக்காலை 3 மணிக்குன்னு போட்டிருக்கு. ஆனா ஆஃப்லதான் இருக்கு.

6:53 கார்த்தி: அப்படியே இருக்கட்டும்.