கொடியேறும் முன்னே பழனி போய்ச் சேர்ந்தோம்

எங்களுக்குக் காங்கயம் பக்கம். ஊதியூர், தாராபுரம் வழியாகப் பழனிக்கு ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் நடை. எப்போதும் தைப்பூசத்தன்று மலையேறும்படிதான் கிளம்புவோம். 2024-ல் அம்மாயி (அம்மாவின் அம்மா) பஸ்ஸில் வந்து அடிவாரத்தில் எங்களோடு சேர்ந்துகொண்டார். வரிசையில் நாலு மணி நேரம். பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தபோது கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்களெல்லாம் வெளுத்துவிட்டன. மூச்சு வாங்கியது. யாரோ ஒரு புண்ணியவான் தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேலாகக் கைமாற்றி அனுப்பினார். சன்னிதியில் நின்றது கண்மூடித் திறக்கும் நேரம்தான்.

2025-ல் பூசம் பிப்ரவரி 11. நாள் குறிக்க உட்கார்ந்தபோது அப்புச்சி (அம்மாவின் அப்பா), “பூசத்தன்னைக்கு முடிக்காத நடை என்ன நடை?” என்றார்.

“ஏனுங்க, மத்த நாள்ல முருகன் மலையை விட்டு எறங்கிப் போயிடறானாக்கும்?” என்று கேட்டார் அம்மாயி.

சரி என்று அப்புச்சியே காலண்டரை எடுத்தார். பூசம் திருவிழாவின் ஏழாம் நாள். கொடி 5-ந் தேதியே ஏறிவிடும். பூசத்துக்கு ஐந்து நாள் முன்னால் கிருத்திகை, அதற்கும் கூட்டம் வரும். பூசம் கழித்துப் போகலாமென்றால் பத்தாம் நாள் தெப்பம் இருக்கிறது, பிறகு எடப்பாடிக் காவடி வரும். அவர்கள் மலைமேலேயே இரவு தங்குகிற கூட்டம். ஆக, தை அமாவாசையான ஜனவரி 29 புதன் மாலை கிளம்பி, சனி ஞாயிறு தொடாமல் வெள்ளி சாயங்காலம் சேர்வதென்று முடிவானது.

ஒன்று சொல்லியாக வேண்டும். அவ்வளவு முன்னால் போனால் வழியில் அன்னதானப் பந்தல் பெரும்பாலும் இருக்காது. மோர் நீட்டுகிற கை, காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிற ஆள் எல்லாம் பூசத்தை ஒட்டித்தான். நாங்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம். துணைக்கு நடக்கும் கூட்டமும் இல்லாததால் இருட்டில் நடக்கவே இல்லை. விடிகாலையில் தொடங்கி பத்து மணி வரை, மறுபடி வெயில் தாழ்ந்த பிறகு. பந்தல்களின் அந்த உபசரிப்பு இல்லாதது எனக்குக் குறைதான்.

ஆனால் அம்மாயி யானைப்பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து தானே ஏறினார். சாயரட்சை என்னும் மாலைப் பூசையில் ராஜ அலங்காரம். யாரும் “நகருங்க” என்று சொல்லவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து உண்டியலில் போட்டுவிட்டுத் திரும்பவும் வந்து நின்றார். பேரன் பேத்தி ஒவ்வொருவர் பேரையும் அவர் முணுமுணுத்தது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.