குழு: பொன்னம்மா ஆச்சி வீடு (17 பேர்)

சனிக்கிழமை

7:04 இசக்கி: பதினாறாம் நாள் பிளக்ஸ் டிசைன் வந்துட்டு. எல்லாரும் பாத்துட்டு 11 மணிக்குள்ள சொல்லிருங்க. வண்ணாரப்பேட்டையில குடுக்கணும், நாளைக்கி கடை லீவு

7:04 இசக்கி: [படம்]

7:09 கோமதி: அம்மா போட்டோ நல்லாருக்கு. மூக்குத்தி ஏன் ஒத்தப் பக்கம் மட்டும் தெரியிது

7:10 இசக்கி: வெளிச்சம் அப்பிடி விழுந்துருக்கும்மா

7:15 துரை துபாய்: அத்தான், அடியில என்ன இங்கிலீஷ்ல ‘எ போல்ட் லேடி’ன்னு கெடக்கு? நான் அனுப்புனது பிரேவ்

7:16 இசக்கி: ரெண்டும் ஒண்ணுதான மாப்ள. எடம் பத்தலன்னு டிசைனர் மாத்திட்டான். ஒரு எழுத்து மிச்சமாம்

7:18 பேச்சி: சினிமா நியூஸ்ல ‘போல்டான காட்சி’ன்னு போடுவான்லா, ஊர்க்காரங்க அப்பிடி நெனச்சிராம 😂

7:19 கோமதி: ஏட்டி பேச்சி

7:19 பேச்சி: சாரி அத்த

7:41 சுப்பையா வாத்தியார்: அனைவருக்கும் காலை வணக்கம். 34 வருஷம் இங்கிலீஷ் எடுத்தவன், பேசாம இருக்க முடியல. போல்ட் வேற, பிரேவ் வேற, கரேஜ் வேற. கரேஜ் பிரெஞ்சுலருந்து வந்தது. அதுக்கும் அடியில லத்தீன் ‘கோர்’, அதாவது இதயம். நம்ம நெஞ்சுரம் மாதிரியேதான். கச்சேரியில பிராவோன்னு கத்துதாம்லா இத்தாலிக்காரன், அந்தப் பிராவோவுக்குச் சொந்தக்காரன் பிரேவ். போல்ட் மட்டும் பழைய இங்கிலீஷ்லயே இருந்த சொல்லு. யாரையும் கேக்காம முன்னால வந்து நிக்கது போல்ட். தடிச்சக் கறுப்பு எழுத்தையும் அதான் போல்டுங்கோம், முன்னால வந்து நிக்கும்லா. ஆனா அதுல ஒரு வில்லங்கம் உண்டு. ‘போல்ட் அஸ் பிராஸ்’னா வெக்கங்கெட்டவன். அயர்லாந்துல பிள்ள சேட்டை பண்ணுனா போல்டும்பாவ. (தொடரும்)

7:43 ஆறுமுகம்: மச்சான் தொடரும் வேண்டாம்

7:44 ஆறுமுகம்: சமையக்காரரு கேக்காரு, எத்தன இல?

7:46 கோமதி: 250

7:50 முருகேசன் தாம்பரம்: 150 போதும்

7:51 கோமதி: எங் கல்யாணத்துக்கு 400ன்னு சொல்லி 700 வந்துது

7:52 முருகேசன் தாம்பரம்: அது யாரு கூப்ட்ட கூட்டம்னு நான் சொல்லணுமா. அப்பா காரியத்துக் கணக்கே இன்னும் முடியல

7:53 சுப்பையா வாத்தியார்: தம்பி, அது தனியா போன்ல

7:53 முருகேசன் தாம்பரம்: 👍

8:06 சுப்பையா வாத்தியார்: தொடர்ச்சி. கட்ஸ்னா குடல். குடல் இருக்கவன் தைரியசாலி. இன்னொண்ணு பிளக். கறிக்கடையில ஆட்ட அறுத்து நெஞ்சு, ஈரல், நுரையீரல் எல்லாத்தையும் கொத்தா உருவி எடுப்பாம்லா, அந்த ஈரக்கொலைக்குத்தான் இங்கிலீஷ்காரன் பிளக்னு பேரு வச்சான். பொறவு அதுவே தைரியத்துக்கும் பேராப் போச்சி. அவனுக்கு அது இருந்தா வீரன். நமக்கு அது இருந்து நடுங்கும்! பயமே இல்லாதவன் பியர்லெஸ். பயம் இருந்தும் செய்யிதவன் பிரேவ். எங்கிட்டப் படிச்ச பிள்ளைகளுக்கு இப்பிடித்தான் சொல்லுவேன். ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’ன்னு வள்ளுவரே சொல்லிட்டாரு.

8:08 ஆறுமுகம்: ஈரக்கொல கிலோ என்ன வெல மச்சான்

8:08 கோமதி: பதினாறு முடியல, அதுக்குள்ள கவுச்சிப் பேச்சு

8:10 துரை துபாய்: டச்சு கரேஜ விட்டுட்டியளேப்பா

8:10 பேச்சி: அது என்னது?

8:11 துரை துபாய்: தண்ணியப் போட்டா வார தைரியம்

8:12 இசக்கி: சின்ன மாமா கொடையில வில்லுப்பாட்டு மேடையில ஏறுனாவளே, அது 😂😂

8:14 முருகேசன் தாம்பரம்: அது 2011. இன்னுமாடே

8:15 பேச்சி: அப்பா ஏறுனாவளா??

8:15 முருகேசன் தாம்பரம்: பிளக்ஸப் பாருங்கடே

8:21 பேச்சி: இங்கிலீஷே வேண்டாம். ‘நெஞ்சுரம் மிக்க எங்கள் ஆச்சி’

8:22 கோமதி: மேடைப்பேச்சு மாதிரி இருக்கு. அம்மா சிரிச்சிருவா

8:30 செண்பகம்: நெஞ்சுரம் என்ன நெஞ்சுரம். அத்தைக்கி நெஞ்சழுத்தம்

8:30 கோமதி: மைனி

8:31 செண்பகம்: நாஞ் சொன்னாத்தான் குத்தம். 33 வருசமா என்னயத் திண்ணக்கம் புடிச்சவன்னு நடுவீட்ல வச்சி வஞ்சாவ, அப்ப ஒருத்தரும் மைனின்னு கூப்புடல

8:33 சுப்பையா வாத்தியார்: திண்ணக்கம்! ஆஹா. போல்டுக்கு இதுதான் சரியான சொல்லு. பிடிச்சவன் செஞ்சா துணிச்சல், பிடிக்காதவன் செஞ்சா திண்ணக்கம். நெஞ்சுரமும் நெஞ்சழுத்தமும் அப்பிடித்தான், ஒரே நெஞ்சுதான். இங்கிலீஷ்ல இந்த ரெண்டு பக்கத்துக்கும் போல்டுன்னு ஒரே சொல்லு. ஆகவே

8:34 முருகேசன் தாம்பரம்: அண்ணே, ஆகவேயோட நிறுத்திக்கோங்க. மைனி பக்கத்துலதான இருக்காவ?

8:34 ஆறுமுகம்: 😂😂😂

8:40 துரை துபாய்: ஆச்சிக்குப் பயமே கெடையாதுப்பா. 92 வெள்ளத்துல இசக்கி அத்தானக் கடவாப்பெட்டியில வச்சித் தலையில தூக்கிட்டு வந்தவ

8:41 இசக்கி: அந்தக் கதையச் சொல்லித்தான் என்னைய வேல வாங்கும் கெழவி

8:43 முருகேசன் தாம்பரம்: 2023 டிசம்பர் மழையில கரண்டும் இல்ல போனும் இல்ல, ரெண்டு ராத்திரி தட்டட்டியிலதான இருந்தா. எறங்கி வந்ததும் மொதல்ல கேட்டது வெத்தல

8:44 பேச்சி: அப்ப பியர்லெஸ்னு போட்ருவமா

8:52 செண்பகம்: பயம் இல்லன்னு யார் சொன்னா

8:55 செண்பகம்: 92ல நானும் கூட நடந்தேன். கல்யாணமாகிப் பத்து மாசம். மேல அணையெல்லாம் தொறந்துட்டாவன்னு ராத்திரி ஊருக்குள்ள சத்தம் போட்டுட்டுப் போறாவ. கோமதியும் மாப்ளயும் அம்பையில மாட்டிக்கிட்டாவ. வெளிய எறங்குனா தண்ணி தொடைக்கி மேல. அத்தை தலையில பெட்டி, பெட்டிக்குள்ள எட்டு மாசத்துப் பிள்ள. ஒரு கையி பெட்டியில, ஒரு கையில செவலப்பசு கயிறு

8:59 செண்பகம்: பள்ளிக்கூடத்து வராண்டாவுல ஏறிட்டோம். பிள்ள தூங்கிட்டு இருக்கான். அத்தைக்கிக் கயிறு புடிச்ச கையி தொறக்கல. வெரலு அப்பிடியே மடங்கி நிக்கி. நாந்தான் சுண்டுவெரல்லருந்து ஒவ்வொண்ணா நிமுத்தி விட்டேன். உள்ளங்கையெல்லாம் தோலு உரிஞ்சி கெடக்கு. பல்லு தந்தி அடிக்கி

9:01 செண்பகம்: ஏட்டி செம்பகம், நான் பயந்தத ஒருத்தர்ட்டயும் சொல்லிப்புடாத, சொன்னா ஓந் திண்ணக்கத்த ஒடிச்சிருவேன்னாவ

9:02 செண்பகம்: சொல்லிட்டேன் போ

9:20 கோமதி: மைனி

9:20 கோமதி: எனக்கு இது தெரியாதே

9:22 இசக்கி: நான் தூங்கிட்டா இருந்தேன்

9:25 சுப்பையா வாத்தியார்: எங்கிட்டயும் சொன்னதில்ல

9:31 ஆறுமுகம்: இல எத்தனன்னு யாராவது சொல்லுங்க. அவரு ரெண்டாவது தடவ கூப்புடுதாரு

9:38 இசக்கி: கெட்டுது கத. அந்த போல்ட எடுத்துருங்கன்னு டிசைனர்ட்ட சொன்னேன். ஆச்சி பேர ஒல்லியாக்கி அனுப்பிருக்கான். போல்ட் லேடி அங்கனயே கெடக்கா

9:38 இசக்கி: [படம்]

9:39 பேச்சி: 😭😭 ஆச்சி மெலிஞ்சிட்டா

9:44 சுப்பையா வாத்தியார்: யோசிச்சுப் பாத்தா போல்டே இருக்கட்டும்னு தோணுது

9:45 துரை துபாய்: பயம் இருந்தும் செய்யிதவதான் பிரேவ்னு நீங்கதானப்பா ஒண்ணர மணி நேரம் முன்னால சொன்னிய

9:47 சுப்பையா வாத்தியார்: யோசிக்கணும்

9:48 கோமதி: பேரும் தேதியும் போதும். ஒண்ணும் எழுதாண்டாம்

9:50 முருகேசன் தாம்பரம்: அதெல்லாம் சரி. கீழ பேரு வரிசையில எனக்கு முன்னால மருமகன் பேரு எப்பிடி வந்துது?

9:50 ஆறுமுகம்: நான் போடச் சொல்லல

9:51 இசக்கி: மாத்தச் சொல்லுதேன் சின்ன மாமா. 11 மணிக்குள்ள முடிவச் சொல்லுங்க

9:53 முருகேசன் தாம்பரம்: நாளைக்கி நெல்லை எக்ஸ்பிரஸ்ல கெளம்புதோம், திங்கக்கெழம காலையில ஜங்ஷனுக்கு யாரு வாரிய?

9:58 செண்பகம்: ரெண்டு மூக்குத்தியும் தெரியிற போட்டோ ஒண்ணு எங்கிட்ட இருக்கு. பீரோவுல தேடிட்டு இருக்கேன். அதுக்குள்ள பிரிண்டுக்குக் குடுத்துராத இசக்கி

9:59 இசக்கி: சரி அத்த

10:02 ஆறுமுகம்: 200 இல சொல்லிட்டேன்

10:02 முருகேசன் தாம்பரம்: நான் 150ன்னுல்லா சொன்னேன்